சிறுகக் கட்டிப் பெருக வாழ்தல்

மலையும் வானமும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் அது பரந்து கிடக்கின்றது. செய்யாறு இம்மலையில் தோன்றிச் சமவெளியில் இறங்கிப் பாலாற்றோடு கலக்கின்றது. சந்தனமும் மலைத்தேனும் சாமையும் இம்மலைக்குப் புகழ் தருவன. இங்கு வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். மலைச்சரிவில் விளையும் தானியம் மிகுதியன்று. கிடைத்த விளைவைக் கொண்டே குடும்பம் ஓராண்டைக் கடத்தல் வேண்டும். ஆதலின் உழவர், விளைந்ததைக் குதிரில் இடுமுன் பதரை நீக்குவர். விதைக்கென ஒரு பங்கை வேறாக எடுத்து வைப்பர். எஞ்சியதையே உணவுக்குக் கொள்வர். குதிர் சிறிதாயினும் கணக்கு உடையவன் வீட்டில் அடுப்பு அணைவதில்லை.

இம்மலையில், ஆலங்காயத்தை அடுத்து, காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், பெருநகரங்களின் விளக்கொளி படாத காட்டிடையே, இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வான்நோக்ககம் அங்கு அமைந்திருக்கின்றது. வானியல் அறிஞர் வைணு பாப்பு அவர்களின் முயற்சியால் 1968-ஆம் ஆண்டில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அவ்விடத்துப் பணி தொடங்கிற்று. 1972-இல் ஒரு மீட்டர் அளவுடைய தொலைநோக்கி வந்தது. 1986 சனவரி 6-ஆம் நாள் 2.34 மீட்டர் அளவுடைய பெருந்தொலைநோக்கி நாட்டுக்கு உரிமையாக்கப்பட்டது. அதனைக் காணும் பேறு பாப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை; அவர் 1982-இல் மறைந்தார். இன்று நோக்ககமும் தொலைநோக்கியும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன.

1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் என்னும் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னே கடந்து சென்றது. அந்நிகழ்ச்சியை உலகின் பல இடங்களிலிருந்து அறிஞர் நோக்கினர், காவலூரிலும் நோக்கினர். கோள் மறைப்பதற்கு முன்னரே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியது. பல இடத்துப் பதிவுகளையும் ஒப்பிட்டபோதுதான், யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்னும் உண்மை வெளிப்பட்டது. அச்சில நொடிகளின் பதிவு தவறியிருந்தால் மீண்டும் கேட்டுப் பெறுவதற்கு வானம் கடைக்காரனன்று. கடந்த இரவு கடந்ததே.

அத்தகைய பதிவுகளை இன்று ஏற்பவை கணிப்பொறிகள். தொலைநோக்கியின் பின்னே பொருத்தப்பட்ட மின்னணுப் படக்கருவி, வானத்தைச் சிறுசிறு புள்ளிகளாகப் பகுத்து, ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் எண்ணாக்கித் தருகின்றது. அகலத்தில் 1,024 புள்ளியும் உயரத்தில் 1,024 புள்ளியும் உடைய ஒரு படத்தில், புள்ளி ஒன்றிற்கு இரண்டு பைட்டு இடம் தேவை எனக் கொண்டால், அப்படம் ஒன்றே 2 மெகாபைட்டு இடத்தைக் கொள்ளும். ஓரிரவில் நூறு படம் எடுத்தால் 200 மெகாபைட்டு ஆகும். படத்தை ஏற்கும் வட்டு நள்ளிரவில் நிரம்பிவிட்டால், தெளிந்த வானமும் பெருந்தொலைநோக்கியும் இருந்தும் பயனில்லை. ஆகவே வட்டில் உள்ள இடத்தை அறிந்து ஆளுதல் உழவர்க்கும் குதிருக்கும் உள்ள உறவைப் போன்றது. அந்த ஆட்சியை மேற்கொள்வது இயங்குதளம்.

இயங்குதளம் என்பது யாது?

கணிப்பொறி என்பது பல உறுப்புகள் கூடிய ஒரு பெட்டி. கணிக்கும் உறுப்பு ஒன்று. வேலை நடக்கும்போது மட்டும் செய்தியைத் தாங்கும் நினைவகம் ஒன்று. மின்சாரம் நின்றாலும் செய்தியை இழக்காத வட்டு ஒன்று. இவற்றை ஒழுங்குபடுத்தி, எந்த நிரலுக்கு எவ்வளவு நேரம், எந்தக் கோப்புக்கு எவ்வளவு இடம் என்று பங்கிட்டு நடத்தும் தலைமை நிரலே இயங்குதளம் ஆகும். கூட்டுக் குடும்பத்தில் குதிரின் சாவியைக் கையில் வைத்திருக்கும் பாட்டியைப் போன்றது அது. சமைப்பவர் வேறு, உண்பவர் வேறு. அளந்து கொடுப்பவர் அவரே.

இயங்குதளங்கள் பல உள. அவற்றுள் யூனிக்ஸ் என்பதும், அதன் மரபில் எழுந்த லினக்ஸ் முதலியனவும் அறிவியற் கூடங்களில் பெரிதும் வழங்குகின்றன. வானியல் அறிஞர் தம் படங்களை ஆராயப் பல்லாண்டு பயன்படுத்திய நிரல்தொகுதிகள் பல யூனிக்ஸ் மரபிலேயே எழுதப்பட்டவை. இம்மரபு பெருஞ்செல்வத்தில் பிறந்ததன்று, இடமின்மையிற் பிறந்தது. அவ்வரலாறு அறியத்தக்கது.

வறுமையிற் பிறந்த யூனிக்ஸ்

அமெரிக்க நாட்டில் பெல் ஆய்வுக்கூடம் என்பது புகழ் வாய்ந்த ஒன்று. அங்குப் பணியாற்றிய அறிஞர் சிலர், மல்டிக்ஸ் என்னும் மிகப் பெரிய இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் கூட்டு முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். பணி நீண்டது, செலவு பெருகியது. 1969-இல் பெல் ஆய்வுக்கூடம் அம்முயற்சியிலிருந்து விலகிற்று. அறிஞர்களிடம் அறிவு இருந்தது. ஆனால் அதற்கேற்ற பொறி இல்லை. புதிய பொறி வேண்டும் என்று அவர்கள் விடுத்த வேண்டுகோள்களும் பயனளிக்கவில்லை.

அவர்களுள் ஒருவர் கென் தாம்சன். அவர் கோள்களின் இயக்கத்தைக் காட்டி, அவற்றினிடையே விண்கலம் செலுத்தும் விளையாட்டு ஒன்றை எழுதியிருந்தார். பெரிய பொறியில் அவ்விளையாட்டை ஒருமுறை ஆடுவதற்கு ஏறத்தாழ 75 டாலர் கணிப்பொறிச் செலவாயிற்று! ஆதலின் அவர் ஒரு மூலையில் பெரிதும் பயனின்றிக் கிடந்த பி.டி.பி.-7 என்னும் சிறு பொறியைக் கண்டு, அதற்கேற்ப விளையாட்டைத் திருத்தி எழுதினார். அப்பொறியைப் பழகிய பயிற்சியே, அதன்மேல் ஓர் இயங்குதளம் அமைக்கும் துணிவை அவருக்குத் தந்தது. டென்னிஸ் ரிச்சி முதலிய நண்பர்கள் துணை நின்றனர். 1969-இல் யூனிக்ஸ் இவ்வாறு தோன்றிற்று.

அடுத்த ஆண்டில், நூல்களையும் ஆவணங்களையும் திருத்தி அமைக்கும் பணிக்கு என்று கூறி, பி.டி.பி.-11 என்னும் புதிய பொறியை அவர்கள் பெற்றனர். பொறி கோடை இறுதியில் வந்தது. வட்டு வந்து சேரவில்லை. வட்டில்லாக் கணிப்பொறி குதிரில்லா வீடு. எனினும் அவர்கள் வாளாவிருந்திலர். ஆறு கட்டமும் எட்டுக் கட்டமும் உடைய சதுரங்கப் பலகையில், குதிரைக் காய் ஒவ்வொரு கட்டத்தையும் ஒருமுறையே மிதித்துத் தொடங்கிய இடத்திற்கு மீளும் வழிகள் எத்தனை என்று எண்ணுமாறு அப்பொறியை ஏவினர். அக்கணக்கு மூன்று மாத காலம் ஓடிற்று. அதன் பின்னரே வட்டு வந்தது.

வந்த வட்டின் அளவு 512 கிலோபைட்டு; அதாவது அரை மெகாபைட்டு. நினைவகம் 24 கிலோபைட்டு. அதில் 16 கிலோபைட்டு இயங்குதளத்திற்கு. எஞ்சிய எட்டே பயனர் நிரலுக்கு. மேற்கூறிய வானப்படம் ஒன்றை மட்டும் வைப்பதற்கே அத்தகைய வட்டு நான்கு தேவைப்படும். அவ்வளவு சிறிய இடத்தில்தான் முதல் யூனிக்ஸ் வாழ்ந்தது. ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவினர்க்கு ஆவணங்களை அமைத்தும் கொடுத்தது.

அந்நாளைய நெருக்கடியின் தழும்புகள் இன்றும் அழியவில்லை. கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிடும் கட்டளை 'எல்.எஸ்.', படியெடுக்கும் கட்டளை 'சி.பி.', இடம் மாற்றும் கட்டளை 'எம்.வி.' யாவும் இரண்டே எழுத்து. இயங்குதளம் வளர்ந்து, முதல் வட்டில் இடம் போதாமற் போனபோது, அதன் ஒரு பகுதியைப் பயனர்களின் கோப்புகள் இருந்த இரண்டாம் வட்டுக்கு மாற்றினர். பயனர் என்னும் பொருளில் அவ்விடத்திற்கு வைத்த 'யு.எஸ்.ஆர்.' என்னும் அடைவுப் பெயர், பயனர் அதனை விட்டு வெளியேறிய பின்னும், இன்றைய லினக்ஸ் கணிப்பொறிகளில் நிலைத்திருக்கின்றது. ஊர் மாறினாலும் தெருப்பெயர் மாறாதது போல்வது இது.

ஒரு கருவிக்கு ஒரு தொழில்

இடம் குறைவாக உள்ளவன் இரு வழிகளில் வாழலாம். பயனுள்ளவற்றையும் விட்டுவிட்டுக் குறையோடு வாழ்தல் ஒரு வழி. ஒவ்வொரு பொருளையும் பல வகையில் பயன்படுமாறு அமைத்துக் கொள்ளுதல் மற்றொரு வழி. யூனிக்ஸை ஆக்கியோர் இரண்டாம் வழியை மேற்கொண்டனர்.

அவர்கள் எல்லா வேலையும் செய்யும் பெருநிரல் எழுத முற்படவில்லை. வரிகளை அகரவரிசையில் அடுக்க ஒரு நிரல். அடுத்தடுத்து ஒரே வரி வந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள ஒரு நிரல். வரிகளை எண்ண ஒரு நிரல். குறித்த சொல் உள்ள வரியைத் தேடி எடுக்க ஒரு நிரல் என்று சிறுசிறு கருவிகளை அமைத்தனர். அக்கருவிகளை இணைக்க ஒரு வழி வேண்டும் என்று டக்ளஸ் மெக்கில்ராய் என்பவர் பல காலம் வலியுறுத்தி வந்தார். 1973-இல் தாம்சன் அதனை நிறைவேற்றினார். அதற்குக் குழாய் என்பது பெயர். ஒரு நிரலின் விளைவு, வட்டில் எங்கும் தங்காமல், குழாய்வழி அடுத்த நிரலுக்குள் நேரே பாயும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போர்க்கு இதன் பயன் விளங்கும். நோக்கர் ஒருவர் ஓராண்டில் எடுத்த படங்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் எழுதி வைத்துள்ளார் எனக் கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் நாளும் விண்மீன் பெயரும் உள்ளன. அவ்வாண்டில் அவர் நோக்கிய விண்மீன்கள் எத்தனை என்று அறிதல் வேண்டும். பெயரை மட்டும் வெட்டி எடுக்கும் கருவி முதலில் நிற்கும், அகரவரிசைப்படுத்தும் கருவி இரண்டாவது, மிகுதிப் பெயர்களை நீக்குவது மூன்றாவது, எண்ணுவது நான்காவது. நான்கையும் குழாயால் இணைத்து ஒரே வரியில் கட்டளையிட்டால் விடை கிடைத்துவிடும். இடையில் தோன்றும் மூன்று பட்டியல்களையும் வட்டில் எழுதி, படித்து, அழிக்கும் வேலை இல்லை. கிணற்றிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து குடத்திற்கும் ஊற்றாமல், வாய்க்கால் வழியே நீரைப் பாத்திக்கு விடுவது போன்ற முறை இது.

இடம் எங்கே போகின்றது?

இன்றைய வட்டுகள் மிகப் பெரியவை. ஆயினும் 'வட்டில் இடமில்லை' என்னும் முறையீடு ஓயவில்லை. பள்ளியிலோ வீட்டிலோ பழைய கணிப்பொறி ஒன்று இச்செய்தியைக் காட்டினால், பலர் 'பொறி கெட்டது' என்று கூறி அதனை மூலையில் போடுவர். நோய் முதல் நாடாது மருந்து கொடுப்பதும், நோயாளியையே கைவிடுவதும் ஒருபோலப் பிழையாவன.

யூனிக்ஸ் மரபில் முதலிற் செய்யத்தக்கது அளத்தல். 'டி.எஃப்.' என்னும் கட்டளை வட்டில் எவ்வளவு இடம் உள்ளது, எவ்வளவு நிரம்பியது என்று கூறும். 'டி.யு.' என்னும் கட்டளை எந்த அடைவு எவ்வளவு கொண்டுள்ளது என்று கூறும். இவற்றைக் கொண்டு தேடினால் குற்றவாளி பெரும்பாலும் ஒரு சில இடங்களிலேயே அகப்படும். இயங்குதளம் நாள்தோறும் எழுதும் நிகழ்ச்சிப் பதிவேடுகள், புதிய நிரல்களை நிறுவிய பின்னும் நீக்கப்படாத மூலப் பொதிகள், புதுப்பிக்குந்தோறும் எஞ்சி நிற்கும் பழைய கருநிரல்கள், உலாவி சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகள் ஆகியவையே அவை. இவை குதிரில் சேர்ந்த பதர்.

சிற்சில வேளைகளில் வியப்பான நிலையும் உண்டு. அளந்து பார்த்தால் வட்டில் இடம் உள்ளது. ஆனால் புதிய கோப்பைத் தொடங்க இயலவில்லை. இதற்குக் காரணம் யாது? யூனிக்ஸ் மரபில் ஒவ்வொரு கோப்புக்கும், அதன் அளவு, உரியவர், அது வட்டில் இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறிக்கும் ஒரு குறிப்பேட்டு இதழ் உண்டு. வட்டை அமைக்கும்போதே அவ்விதழ்களின் எண்ணிக்கையும் வரையறுக்கப்படுவது பெருவழக்கு. மிகச் சிறிய கோப்புகள் பல்லாயிரம் சேர்ந்தால், இடம் தீருமுன் இதழ்கள் தீர்ந்துவிடும். நெல் வைக்க அறை உள்ளது. கணக்கெழுத ஏட்டில் வரி இல்லை என்பது போன்ற நிலை இது.

மற்றொரு புதிர்: பெரிய பதிவேடு ஒன்றை அழித்த பின்னும் இடம் மீளாதிருத்தல். ஒரு நிரல் அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை, பெயர் நீங்கினாலும் உடல் நீங்குவதில்லை. அந்நிரல் நின்றவுடன் இடம் விடுதலை பெறும். இவ்வுண்மையை அறியாதார் மேன்மேலும் பயனுள்ள கோப்புகளை அழித்துப் பின்னர் வருந்துவர்.

லினக்ஸில் பெரிதும் வழங்கும் கோப்பமைப்பு ஒன்று, வட்டின் இருபதில் ஒரு பங்கை வேறாக ஒதுக்கி வைக்கின்றது. ஏனைய இடம் முற்றும் நிரம்பினும், தலைமைப் பொறுப்பாளர் உட்புகுந்து சீர்செய்வதற்கு அப்பங்கு உதவும். குதிரின் மூலையில் விதைத் தானியத்தைத் தொடாது வைக்கும் உழவர் மரபை இது நினைவூட்டுகின்றது அன்றோ!

பழைய பெட்டிக்குப் புது வாழ்வு

1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டுப் பல்கலைக்கழக மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ், தம் வீட்டுக் கணிப்பொறிக்கென்று யூனிக்ஸைப் போன்ற ஓர் இயங்குதளத்தின் கருநிரலை எழுதத் தொடங்கினார். அதுவே லினக்ஸ். அவ்வாண்டின் இறுதியில், இரண்டு மெகாபைட்டு நினைவகமே உடைய பயனர் ஒருவர்க்கு அது போதவில்லை என்று அறிந்து, நினைவகத்தில் அடங்காத பகுதியை வட்டில் ஒதுக்கி, வேண்டும்போது மீட்கும் வகையை அதில் சேர்த்தார். எளியவர் ஒருவரின் பொறிக்காகச் செய்த அத்திருத்தம் எல்லார்க்கும் பயன்பட்டது.

1995-இல் புரூஸ் பெரன்ஸ் என்பவர் மற்றோர் அருஞ்செயலைத் தொடங்கினார். 1.44 மெகாபைட்டு கொள்ளும் நெகிழ்வட்டு ஒன்றனுள், கணிப்பொறியை எழுப்பவும் பழுது நீக்கவும் வல்ல லினக்ஸ் அமைப்பை அடக்க அவர் விரும்பினார். பல கருவிகளைத் தனித்தனியே வைத்தால் இடம் போதாது. ஆதலின் அவற்றையெல்லாம் ஒரே நிரலாக்கி, அதற்குப் பல பெயர்களை இட்டார். எப்பெயரால் அழைக்கப்படுகின்றதோ அத்தொழிலை அது செய்யும். தெருக்கூத்தில் ஒரே கலைஞர் இரவில் முனிவராகவும் விடியலில் மன்னராகவும் வருவது போல்வது அது. அந்நிரலின் பெயர் பிசிபாக்ஸ். இன்று வீடுகளில் இணையத்தைப் பகிர்ந்தளிக்கும் சிறு பெட்டிகள் பலவற்றுள்ளும் அது குடியிருக்கின்றது.

சுருக்கி வைத்தலும் ஒரு வழி. இயங்குதளத்தின் கோப்புகளைச் சுருக்கிய நிலையிலேயே வட்டில் வைத்து, வேண்டிய பகுதியை மட்டும் விரித்துப் படிக்கும் அமைப்புகள் லினக்ஸில் உள. இம்முறைகளைக் கையாண்டு, சாளரங்களோடு கூடிய முழு இயங்குதளத்தையும் 30 மெகாபைட்டுக்குள் அடக்கியோரும் உண்டு. பெரிய வட்டுடைய பொறிக்கு எழுதிய அமைப்பைச் சிறிய பொறியில் திணிப்பதை விட, சிறிய பொறிக்கென்றே எழுந்த அமைப்பைத் தேர்தலே அறிவுடைமை. விரலுக்குத் தக்க வீக்கமே அழகு.

தமிழ்நாட்டில் இச்செய்தி வெறும் ஏட்டுக் கல்வியன்று. 2011-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்க்கு மடிக்கணிப்பொறிகள் விலையின்றி வழங்கப்பட்டன. அவற்றில் 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இயங்குதளம் அது. தமிழ் முதலிய இந்திய மொழிகளில் பயிலத்தக்கது. அத்தகைய பழைய பொறி மெதுவாயிற்று என்றோ, வட்டு நிரம்பிற்று என்றோ கைவிடுவதற்குமுன், அதற்கேற்ற சிறிய லினக்ஸ் ஒன்றை நிறுவிப் பார்த்தல் நன்று. மலையூர்ப் பிள்ளை ஒருவன் நிரல் எழுதப் பழகுவதற்குப் புதிய பொறியே வேண்டும் என்பதில்லை. தூசி துடைத்த பழைய பொறியும் போதும்.

2012-இல் பிரிட்டனில் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவு கணிப்பொறி, சிறிய நினைவு அட்டையையே வட்டாகக் கொண்டது. அவ்வட்டையில் இடம் மட்டுமன்றி, எழுதி எழுதி அழிக்கும் தடவைகளும் வரம்புடையன. ஓயாமல் எழுதப்படும் பதிவேடுகளை நினைவகத்தில் வைத்தால் அட்டையின் ஆயுள் நீளும். இடத்தை எண்ணுபவர் எழுத்தையும் எண்ணுதல் வேண்டும்.

செவ்வாயில் நேர்ந்த இடர்

சிறு சேமிப்பகத்தின் கணக்கை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு வானியலிலேயே ஒரு சான்று உண்டு. 2004 சனவரி மாதம் அமெரிக்க நாட்டு 'ஸ்பிரிட்' என்னும் ஊர்தி செவ்வாய்க் கோளில் இறங்கிற்று. இரண்டு வாரங்களுக்கு மேல் நன்கு உழைத்த அவ்வூர்தி, சனவரி 21-ஆம் நாள் திடீரென முறையான செய்தி அனுப்புவதை நிறுத்தியது. அதன் கணிப்பொறி எழும், உடனே வீழும், மீண்டும் எழும். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பொறியைத் தொட்டுப் பார்க்க யாரால் இயலும்?

பொறியியலாளர் ஆராய்ந்து காரணத்தைக் கண்டனர். பயணத்தின்போதும் இறங்கிய பின்னும் எழுதப்பட்ட கோப்புகள் ஊர்தியின் சேமிப்பகத்தில் மிகுதியாகச் சேர்ந்திருந்தன. கணிப்பொறி எழும்போது அக்கோப்புகளின் பட்டியலை நினைவகத்தில் விரிக்க முயலும். இடம் போதாமல் வீழும். அவ்வூர்தியின் இயங்குதளம் யூனிக்ஸ் வழியில் வந்ததன்று. ஆயினும் பாடம் பொதுவானது. சேமிப்பகத்தைத் தொடாமல் எழுமாறு பூமியிலிருந்து கட்டளை அனுப்பி, வேண்டாத கோப்புகளை அழித்து, சேமிப்பகத்தைச் சீரமைத்தனர். ஊர்தி பிழைத்தது, 2010 வரை பணியாற்றிற்று. பழுதான பகுதியைத் தொடாமலும் பொறி எழுவதற்கு முன்கூட்டியே ஒரு வழி வைத்திருந்தமையே அதனைக் காத்தது.

சிக்கனமும் ஈயாமையும்

சிக்கனம் வேறு, ஈயாமை வேறு. இவ்வேற்றுமையைத் தமிழர் தம் ஏட்டுச்சுவடிகளிலேயே காணலாம். பனையோலை அகலம் குறைந்தது. எழுத்தாணி அழுந்தினால் கிழிவது. ஆதலின் ஏடெழுதுவோர் சொற்களுக்கு இடையே இடம் விடார். பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடார். ஓலை மிஞ்சிற்று, ஆனால் படிப்போர் இடர்ப்பட்டனர். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன், பல ஊர்களிலிருந்து பல படிகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. படி பல இருந்தமையால் நூல் பிழைத்தது. ஒரே படி இருந்து செல்லரித்த நூல்கள் பெயரளவில் நின்றன.

நன்னூலார் நூலுக்குரிய பத்து அழகுகளைக் கூறுமிடத்துச் சுருங்கச் சொல்லுதலை முதலில் வைத்தார்; உடனே விளங்க வைத்தலையும் சேர்த்தார். இரண்டும் கூடியவிடத்தே அழகு உண்டு. யூனிக்ஸை ஆக்கியோரும் இதனைப் பட்டறிந்தனர். கோப்பை உண்டாக்கும் ஓர் ஆணைக்குப் பெயரிடும்போது தாம்சன் ஆங்கிலச் சொல்லின் இறுதி எழுத்தை விட்டுவிட்டார். யூனிக்ஸை மீண்டும் அமைத்தால் எதனை மாற்றுவீர் என்று பின்னாளில் வினவியபோது, விட்ட அந்த ஓர் எழுத்தைச் சேர்ப்பேன் என்று அவர் விடையிறுத்ததாகக் கூறுவர்.

ஆகவே இடம் குறைந்த கணிப்பொறியை ஆள்வோர் மூன்றை உணர்தல் வேண்டும். அளவாமல் அழித்தல் ஆகாது. பதரை நீக்கலாம், விதையை நீக்குதல் ஆகாது. பயனுள்ள கோப்புக்கு வேறோர் இடத்தில் ஒரு படியேனும் வைத்தல் வேண்டும். அதற்குச் செலவாகும் இடம் வீணாகும் இடமன்று.

காவலூரின் தொலைநோக்கி முகில் நீங்கிய இரவுக்காகக் காத்திருக்கின்றது. அவ்விரவு வரும்போது அதனை ஏற்றுக்கொள்ள வட்டில் இடம் இருத்தல் வேண்டும். மலையுழவரின் குதிர் அடுத்த மழைக்குரிய விதையோடு காத்திருப்பதும் அவ்வாறே. அரை மெகாபைட்டு வட்டில் பிறந்த ஒரு முறை இன்று உலகெங்கும் பரவி நிற்கின்றது. 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்னும் பழமொழி வீட்டுக்கு மட்டும் உரியதன்று, அறிவுக்கும் உரியது.

வினாக்கள்

1. காவலூரில் 1977-ஆம் ஆண்டு நோக்கப்பட்ட நிகழ்ச்சி யாது? அதன் பதிவு ஏன் இன்றியமையாதது?

2. குழாய் என்னும் முறையால் வட்டில் இடம் மிச்சப்படுவது எவ்வாறு? பாடத்தில் இல்லாத ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

3. வட்டில் இடம் இருந்தும் புதிய கோப்பைத் தொடங்க இயலாமைக்குக் காரணம் யாது?

4. 'பதரை நீக்கலாம், விதையை நீக்குதல் ஆகாது.' கணிப்பொறிக்கு இக்கூற்று பொருந்துமாற்றை விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.